நடை அடங்கும் நேரம்

"நடக்குறா பாருங்கண்ணே, நடந்துக்கிட்டே இருக்கா!"

ஷூஹெய் கைப்பேசியை நீட்டினான். திரையில் கோஹாரு என்ற பெயருக்கு நேரே ஒரு கோடு விறுவிறுவென்று மேலே ஏறிக்கொண்டிருந்தது. சினை ஊசி போடும் ஒரிபே கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"அடேயப்பா! கன்னு போட்டதுலேர்ந்து பருவத்துக்கே வராம உன் உயிரை எடுத்தாளே, அவளா?"

"அவளேதான். நாளைக்கு அடிமாட்டு லாரி வருது. இன்னிக்குப் பார்த்து இந்தக் கூத்து!"

பருவத்துக்கு வந்த மாடு ஓரிடத்தில் நிற்காது. கொட்டகைக்குள் சுற்றிச் சுற்றி நடக்கும். கழுத்துப் பட்டையில் உள்ள கருவி அந்த நடையை அளந்து கைப்பேசிக்கு அனுப்பிவிடும். ஹொக்கைடோவில் இப்போதெல்லாம் மாட்டைப் பார்க்கிறவர்களைவிடக் கோட்டைப் பார்க்கிறவர்கள்தான் அதிகம்.

வெளியே பனிப்புயல் பேயாட்டம் ஆடிக்கொண்டிருந்தது. வேறொரு மாட்டுக்கு ஊசி போட வந்த ஒரிபே, திரும்பிப் போக முடியாமல் பால் அறையிலேயே மாட்டிக்கொண்டார். வீட்டுக்கும் பால் அறைக்கும் நடுவே பிடித்துக்கொண்டு நடக்க ஒரு கயிறு உண்டு. லாரிக்காகக் கோஹாருவைத் தனியாக அடைத்திருந்த கீழ்க்கொட்டகைக்கு அதுவும் கிடையாது.

"ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வரட்டுமா?"

"எதுக்கு? போன வருஷம் பக்கத்துப் பண்ணைக்காரன் அவன் வீட்டு வாசல் தெரியாம அவன் முற்றத்துலயே விறைச்சுக் கிடந்தானே, அந்த மாதிரிக் கிடக்கவா? உட்காருய்யா. கோடு ஏறுறப்ப ஊசி போட்டா வீண். நடை அடங்கணும். அதுதான் சரியான நேரம்."

ஒரிபே காலடியில் இருந்த உறைவிந்துக் குடுவையைத் தட்டிக் காட்டினார். "கிடேரிக் கன்னு மட்டுமே பொறக்குற சரக்கு இருக்கு. உன் கோஹாருவுக்கே போட்டுடறேன், போ."

ஷூஹெய் திரையில் இருந்த அந்தப் பெயரை விரலால் தொட்டான்.

"அப்பா முதல் முதலா வாங்கின பசுவோட வம்சத்துல இவ ஒருத்திதாண்ணே மிச்சம். அவருக்கு இப்ப என் பேர்கூட ஞாபகம் இல்ல. இவ பேரை மட்டும் மறக்கல. இவளை லாரியில ஏத்திட்டு அவர் முகத்துல எப்படி முழிப்பேன்னு ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல."

"பெரியவர் எங்க, வீட்லயா?"

"ஆமா. மினோரி பக்கத்துலயே இருக்கா. வாசக் கதவுல மணி வேற கட்டியிருக்கோம்."

அடுப்பின் மேல் சூடேறிக்கொண்டிருந்த காபி டப்பா ஒன்றை எடுத்து ஒரிபேயிடம் கொடுத்தான். பல நாளைக்குப் பிறகு அவன் முகத்தில் சிரிப்பு வந்திருந்தது.

"நல்லவேளை, மினோரி இன்னும் பட்டையைக் கழட்டல. லாரிக்குப் போற மாட்டோட பட்டையை முந்தின நாளே கழட்டி வைக்கிறது அவ வேலை. இவளுக்கு மட்டும் மனசு வரல போல. காலையில வந்து, 'கொஞ்சம் நடந்தாலும் உங்க போன்ல சொல்லிடுமா?'ன்னு கேட்டா."

"நீ என்ன சொன்னே?"

"'புரண்டு படுத்தாக்கூடச் சொல்லும், ஆளை விடு'ன்னுட்டுப் பனி தள்ள டிராக்டரைக் கிளப்பிட்டேன். அப்பவும் ஏதோ சொல்லிக்கிட்டே நின்னா."

"உன் பொண்டாட்டிக்கு இருக்குற நம்பிக்கை உனக்கு இல்லையேய்யா!" என்று ஒரிபே அவன் முதுகில் ஓங்கித் தட்டினார்.

இருவரும் கைப்பேசியை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். கோடு உச்சிக்குப் போய் அங்கேயே நடுங்கிக்கொண்டு நின்றது. பிறகு இறங்கத் தொடங்கியது. நடுவில் ஒருமுறை லேசாகத் தலைதூக்கிவிட்டு மறுபடி சரிந்தது.

"விடமாட்டேங்குறாளே! களைச்சாலும் நடக்கப் பார்க்குறா" என்று ஷூஹெய் பெருமையாகச் சொன்னான்.

கடைசியில் கோடு தரையோடு தரையாகப் படுத்துவிட்டது.

"நின்னுட்டா!" ஷூஹெய் துள்ளி எழுந்தான். கையோடு லாரிக்காரனைக் கூப்பிட்டு, நாளைக்கு வரவேண்டாம் என்று சத்தமாகச் சொன்னான். காற்றும் சற்றுத் தணிந்திருந்தது. ஒரிபே தோள்வரை வரும் கையுறையை எடுத்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, குடுவையைத் தூக்கினார்.

அப்போது கதவு படாரென்று திறந்தது. கயிற்றைப் பிடித்தபடியே மினோரி வாசலில் நின்றாள். தலையில் குல்லா இல்லை; முடியெல்லாம் பனி. அடுப்போரம், நாற்காலி, மூலை என்று அவள் கண்கள் அறை முழுக்க யாரையோ தேடின.

ஷூஹெய் அவளைப் பேசவிட்டால்தானே!

"மினோரி, கோஹாரு பொழைச்சுட்டா! மத்தியானத்துலேர்ந்து ஒரே நடை. இப்பத்தான் நின்னா. இந்தா, நீயே பாரு!"

அவள் பார்த்தாள். அசைவே இல்லாமல் கிடந்த அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கயிறு அவள் கையிலிருந்து நழுவியது.

"அந்தப் பட்டை மாமா கழுத்துல இருக்குங்க."