பெண்மயிலின் செருப்பு

கோடை வெயிலில் பாறை கொதித்தது. அதைக் கடந்துதான் சுனைக்குப் போக வேண்டும். பெண்மயில் ஒன்றுக்குப் பாதமெல்லாம் கொப்புளம். இரண்டு நாளாக அது தண்ணீர் குடிக்கப் போகவில்லை.

மூன்றாம் நாள் அது தூக்கணாங்குருவியிடம் போனது. "எனக்கு ஒரு ஜோடி செருப்பு பின்னித் தருவாயா?" என்று கேட்டது. கொஞ்சம் தயங்கிவிட்டு, "பார்க்கவும் அழகாக இருக்கட்டும்" என்றது.

பக்கத்துக் கிளையில் இருந்த காகம் சிரித்தது. "புண்ணான காலுக்கு அழகு ஒரு கேடா?"

குருவி சிரிக்கவில்லை. "கொஞ்சம் நடந்து காட்டுங்கள், அக்கா" என்றது.

மயில் நொண்டி நொண்டி நடந்தது. எந்த இடத்தில் பாதம் ஊன்றத் தயங்குகிறது என்று குருவி குனிந்து பார்த்துக்கொண்டே வந்தது. பிறகு அடியில் இலவம்பஞ்சை மெத்தையாக வைத்து, கொப்புளத்தில் வார் உரசாதபடி பச்சைப் புல்லால் பின்னியது. முடிச்சின் மேல் சிவப்புக் குன்றிமணி ஒன்றைப் பதித்தது.

அன்று உச்சிவெயிலில் மயில் பாறையைக் கடந்தது. சுனையோரம் ஓர் ஆண்மயில் தோகை விரித்து ஆடிக்கொண்டிருந்தது. பெண்மயில் வயிறாரத் தண்ணீர் குடித்துவிட்டு நிதானமாகத் திரும்பி நடந்தது.

ஆண்மயில் ஆட்டத்தை நிறுத்தித் தோகையை மடக்கியது. அந்தக் கால்களையே பார்த்தபடி மெல்லக் கேட்டது: "யார் பின்னிக் கொடுத்தது?"