சபைத் தலைவருக்குச் சளி வேண்டும்

"மளமளன்னு குடிச்சிருங்க. ஆறிப்போனா தொண்டைக்குப் பிடிக்காது" என்று மிளகுக் கஷாயத்தை நீட்டினாள் மனைவி செபஸ்தியம்மாள்.

ஸ்தனிஸ்லாஸ் டம்ளரை வாங்கினார். அவள் அடுக்களைக்குள் திரும்பியதுதான் தாமதம், கஷாயம் முருங்கை மரத்தடிக்குப் போய்விட்டது. கொஞ்ச நாளாக அந்த வீட்டில் மருந்து சாப்பிட்டுத் தெம்பாக இருந்தது அந்த மரம் ஒன்றுதான்.

அது 1957 மார்கழி. அந்த வருஷம் ஆனியில் ப்ளூ காய்ச்சல் வந்து திண்டுக்கல்லையே பாயில் போட்டபோது, மடியில் கற்பூரப் பொட்டணம், கையில் தைலம் நனைத்த கைக்குட்டை என்று திரிந்து தப்பித்த மனிதர் இவர். யாராவது தும்மினால் அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போவார்.

அதே மனிதர் இப்போது விடியுமுன் கிணற்றடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டு, துவட்டாமல் பனியில் நின்றார். ராத்திரிக்குத் தயிர்ச்சோறு, மேலே ஒரு கொய்யாப்பழம். எந்த வீட்டில் இருமல் சத்தம் கேட்டாலும் உள்ளே போய், நோயாளியின் பாயை ஒட்டி உட்கார்ந்து நலம் விசாரித்தார்.

"கிறிஸ்மசுக்கு என்னமா ஒறுத்தல் செய்றாரு பாரு மனுசன்!" என்று தெருவே உருகியது.

உடம்பை வருத்தும் ஒறுத்தலாவது, ஒன்றாவது. அவருக்கு வேண்டியது கெட்டுப்போன தொண்டை.

எல்லாம் ஒரு வெள்ளிக்கிழமையால் வந்தது. வெள்ளிக்கிழமை சுத்தபோசனம், கத்தோலிக்கர் அன்று கறி தின்றால் சாவான பாவம். இதை ஊராருக்கு ஞாபகப்படுத்தவென்றே கோயிலில் ஒரு சபை உண்டு. சபைத் தலைவர் ஸ்தனிஸ்லாஸ். ஆடி மாசம் ஒரு வெள்ளியன்று பாஸ்கல் என்பவன் எலும்புக் குழம்பு சாப்பிட்டதை மோப்பம் பிடித்து, பங்குச் சாமியாரிடம் ஒற்றைக்காலில் நின்று, ஞாயிற்றுக்கிழமைப் பூசை முழுக்க அவனை நடுக்கோயிலில் முழந்தாளிட வைத்தவர்.

அப்படிப்பட்டவர்தான் தோல் வியாபாரி கிதர் முகம்மது வீட்டு நிக்காஹ் விருந்துக்குப் போனார்.

"அண்ணே, இன்னைக்கு வெள்ளியாச்சே. ஒங்களுக்குன்னு தனியாச் சோறும் கத்திரிக்கா வெஞ்சனமும் ஆக்கச் சொல்லிருக்கேன்" என்றார் கிதர் முகம்மது, மறக்காமல்.

அதற்குள் பிரியாணிச் சட்டியைத் திறந்துவிட்டார்கள். மூக்கு சர்வேசுரன் கொடுத்தது, அதைக் குறை சொல்லலாமா? கத்திரிக்காய் வெஞ்சனம் கடைசிவரை காத்திருந்து ஏமாந்தது.

செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யாமல் கிறிஸ்மஸ் பூசையில் நன்மை என்கிற திவ்விய அப்பம் வாங்க முடியாது. நன்மை வாங்காமல் சபைத் தலைவர் உட்கார்ந்திருந்தால், அப்படி என்ன பாவமோ என்று ஊரே ஆராய்ச்சியில் இறங்கும். மதுரைக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாலும், உள்ளூர்ச் சாமியாரிடம் சொல்ல முடியாத பாவம் என்னவோ என்று அதே கதைதான்.

சொந்தக் கோயிலிலேயே சொல்லலாம் என்றால், பாவசங்கீர்த்தனத் தொட்டியின் கம்பித் தட்டிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் சாமியாருக்கு முகம்தான் தெரியாது. தினமும் முன்னால் நின்று செபமாலை சொல்கிற குரல் தெரியாதா? சாமியார் வெளியே மூச்சு விடமாட்டார், வாஸ்தவம். ஆனால் அதற்கப்புறம் அவர் மூஞ்சியில் எப்படி முழிப்பது?

மனிதர் பட்ட பாடு வீண்போகவில்லை. கிறிஸ்மசுக்கு முதல் நாள் காலையில் சளி சகல பரிவாரங்களோடும் வந்து இறங்கியது. வாயைத் திறந்தால் எண்ணெய் போடாத கதவு மாதிரி சத்தம் வந்தது.

எதற்கும் சோதித்துப் பார்த்துவிடலாம் என்று சாமியார் பங்களாவுக்குப் போய், சாத்தியிருந்த கதவைத் தட்டினார்.

"தோத்திரம் சாமி!"

"யாரது?" என்று உள்ளேயிருந்து கத்தினார் சாமியார்.

"நாந்தான் சாமி!"

"யாருன்னு கேக்குறேன்ல?"

"தெனமும் பாக்குற ஆளுதான் சாமி!"

"யாருப்பா அது, பேசாம நிக்கிறது?"

ஸ்தனிஸ்லாஸ் சத்தமில்லாமல் நழுவினார். ஆளே தெரியவில்லை! சந்தோஷத்தில் வாசற்படியிலேயே நாலு தும்மல் போட்டார்.

சாயங்காலத்துக்குள் சளி முற்றிக் காதும் அடைத்துக்கொண்டது. வரிசையில் நிற்கும்போது, தலைக்கு மேலே அடித்த கோயில் மணி அவருக்குப் பக்கத்து ஊர் அகரத்தில் அடிப்பதுபோலக் கேட்டது.

கோயிலில் என்றைக்கும் இல்லாத பக்தி. பாவசங்கீர்த்தனம் முடித்ததும் விட்டால் போதும் என்று வீட்டுக்கு ஓடுகிற சனங்கள், இன்று ஒருவர்கூடக் கிளம்பவில்லை. தொட்டியைச் சுற்றி நெருக்கியடித்து முழந்தாளிட்டு, தலை குனிந்து ஆடாமல் அசையாமல் இருந்தார்கள். எல்லாருக்கும் முன்னால் பாஸ்கல், கைகூப்பி, கண்ணை மூடி, பார்க்கவே கண்கொள்ளாக் காட்சி.

'எல்லாம் நம்ம சபை பாடுபட்டதுக்குப் பலன்' என்று ஸ்தனிஸ்லாஸுக்கு நெஞ்சு நிறைந்தது.

அவர் முறை வந்தது. முழந்தாளிட்டு, கம்பித் தட்டியில் வாயை வைத்து, அரும்பாடுபட்டுச் சம்பாதித்த அந்தக் கரகரத்த குரலில் கிசுகிசுத்தார்.

"சாமி, வெள்ளிக்கிழமையன்னைக்கு... பிரியாணி தின்னுட்டேன்."

பதில் இல்லை.

"கொஞ்சந்தான் சாமி... மூணு தட்டு."

அதற்கும் பதில் இல்லை. சாமியார் நம்ம பாவத்துக்காக மனமுருகி வேண்டுகிறார் போலும் என்று நினைத்தபோதே, ஸ்தனிஸ்லாஸின் அடைத்த காதும் திறந்துகொள்ளும்படி தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு கூச்சல் வந்தது.

"நல்லாக் கத்திச் சொல்லு மகனே, சளியில எனக்கு ரெண்டு காதும் அடைச்சுக் கெடக்கு!"