இறங்குநிலைக்காரர்

"நாளையில இருந்து நான் வர முடியாதுக்கா," என்றாள் பெனடிக்டா, செருப்பைக்கூடக் கழற்றாமல். பக்கவாதம் வந்த குணசீலனுக்குத் தினமும் நடைப்பயிற்சி தர வருகிறவள் அவள். "உடம்பக் கணக்கெடுக்கன்னு அண்ணன் கையில கட்டியிருக்க பட்டை, அவர இறங்குநிலைன்னு மாத்திட்டு. இறங்குநிலைக்காரங்கன்னா இனித் தேற மாட்டாங்கன்னு கணக்கு, அவங்களுக்குப் பயிற்சி கிடையாது. வலி மாத்திரை மட்டுந்தான்."

ரூபாவதிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவள் கணவர் குணசீலன் சுவரைப் பிடித்தபடி வாசலை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தார்.

"நீயே பாரு, நடக்காரே!"

"ஒரு நாள் நல்லா இருந்தா, அதத் தற்செயல்னு தள்ளிரும். தொடர்ந்து நல்லா இருந்தாத்தான் ஏறுநிலைக்குத் திருப்பும்."

"நீ வந்தாத்தானே தொடர்ந்து நடப்பாரு?"

பட்டை மாற்றிய நிலையைப் பெரிய டாக்டராலும் திருப்ப முடியாது.

ரூபாவதிக்கு அப்போதுதான் சுருக்கென்றது. போன வாரம் குணசீலனின் மணிக்கட்டு புண்ணாகிவிட்டது. கழற்றிவைத்தால் பட்டை ஓயாமல் அலறும் என்பதால், புண் ஆறும்வரை அதைத் தன் கையில் கட்டிக்கொண்டாள். அவரைத் தூக்கி உட்காரவைத்தது, குளிப்பாட்டியது, தூங்காமல் கிடந்தது எல்லாம் அந்தப் பட்டையோடுதான்.

"அது அவரு கணக்கே இல்ல, புள்ள. போன வாரம் பட்டை என் கையில கெடந்தப்போ எடுத்த என் கணக்கு. சொல்லி மாத்திரு," என்று கெஞ்சினாள்.

"நாம சொன்னா கேக்காதுக்கா. உடம்பு சொல்றதத்தான் கேக்கும்."

சொன்ன பிறகுதான் பெனடிக்டா ரூபாவதியை உற்றுப் பார்த்தாள். மெல்ல அவள் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள்.

"அக்கா, நீங்க முதல்ல உக்காருங்க."