சும்மா கிடைத்த சூடு

“என் கத்தி எங்கேக்கா?”

பேக்கரிக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகத் தம்பி கேட்டான். கேட்காமல் என்ன செய்வான்? தன் கையால் செய்த முதல் கத்தியை, பெண்டாட்டிக்குக்கூடக் கொடுக்காமல், அக்காவுக்குத்தான் கொடுத்தான். அக்காவோ கடையில் வாங்கிய கத்தியால் ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தாள்.

“பத்திரமா உள்ளே வெச்சிருக்கேன்டா. அவ்வளவு அழகா இருக்கு, எடுத்துப் புழங்க மனசே வரலை.”

தம்பிக்குச் சுருக்கென்றது. சரி, வந்த வேலையைப் பார்ப்போம் என்று அடக்கிக்கொண்டான். காலையில் அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போன நாலு கத்திகளை அடுப்பிலிருந்து எடுக்க வேண்டும்.

ஆளுக்குப் பட்டப்பெயரே ‘சிக்கனம்’தான். கத்தி செய்வது அவனுக்குப் பொழுதுபோக்கு. ஆனால் அதற்காகக் கைக்காசு பத்து பைசா போகக் கூடாது. மழுங்கிப்போன பழைய அரம்தான் கத்தி. அதைப் பழுக்கக் காய்ச்சி முக்குவது, பக்கத்து வீட்டில் பொரித்து மிஞ்சிய எண்ணெயில். கிழிந்த ஜீன்ஸைத் துண்டு போட்டு, பசை தடவி அடுக்கி இறுக்கினால் கைப்பிடி. கத்தியைத் தேய்க்க மோட்டாரில் சுற்றும் உப்புத்தாள் பட்டையில் இரும்புத்தூள் அடைத்துக்கொண்டால், அறுந்த செருப்பின் ரப்பரை அதில் ஒரு அழுத்து. பட்டை புதுசு மாதிரி ஆகிவிடும்!

“நான் அசந்து தூங்கினா என் வளையலையும் உருக்கிடுவீங்க” என்று பெண்டாட்டியே பயப்படுவாள்.

நாளைக்கு அவனைப் போலவே கத்திப் பைத்தியம் பிடித்த நாற்பது பேர் கூடுகிறார்கள். ‘செலவில்லாமல் கத்தி செய்வது எப்படி?’ என்று பேசப் போவது நம் சிக்கனம்தான்.

“முதல் குறிப்பே உன் அடுப்புதான்க்கா” என்றான். “எண்ணெயில முக்கின கத்தியை மிதமான சூட்டுல ரெண்டு மணி நேரம் வெக்கணுமாம். வீட்ல வெச்சா கரண்ட் பில்லை எவன் கட்டறது? ரொட்டி வெந்த அடுப்புல சூடு சும்மாதானே கிடக்குது! எப்படி நம்ம மூளை?”

மாவு பிசைந்துகொண்டிருந்த அக்கா வீட்டுக்காரர் இருமினார். “அந்த யோசனையைச் சொன்னதே உங்க அக்காதானே மச்சான்?”

“சொன்னது அக்கா. டக்குன்னு பிடிச்சுக்கிட்டது நான், மாமா!”

அந்த நேரம் பார்த்து ரொட்டி வாங்க வந்த ஒரு அம்மா, சும்மா இருக்கக் கூடாதா?

“உங்க தம்பி பிரமாதமா கத்தி செய்வாராமே! அப்புறம் ஏன் நீங்க கடைக் கத்தியில வெட்டறீங்க?”

அவ்வளவுதான். அந்த அம்மா படியிறங்கியதும் தம்பிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“கேட்டியா? பழைய அரத்துல செஞ்சதுன்னு உனக்கு வெட்கம். நாலு பேர் முன்னாடி எடுக்கப் பிடிக்கலை.”

“ஐயோ, அப்படியெல்லாம் இல்லைடா!”

“இல்லைன்னா எடு. இப்பவே எடுத்து, என் கண் முன்னாடி ரொட்டியை வெட்டு.”

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

“சரி. என் கத்தி உனக்கு வேண்டாம்னா, உன் அடுப்பும் எனக்கு வேண்டாம். முதல் கத்திக்கு எந்த அடுப்பு இருந்தது? ரெண்டே நிமிஷம், கேஸ் டார்ச் நெருப்புல லேசா காட்டினேன், முடிஞ்சுது. நாளைக்கு அந்த நாற்பது பேருக்கும் அதையே சொல்லிடறேன்.”

அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது. “வேண்டாம்டா! உனக்குப் புண்ணியமா போகும், அதை மட்டும் சொல்லாதே!”

“ஏன் சொல்லக் கூடாது?”

மாமா மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

“நீங்க சும்மா இருங்க” என்றாள் அக்கா.

“எவ்வளவு நாளைக்கு? இனிமே மூடி மறைச்சா நாற்பது பேர் கை போயிடும்.”

உள்ளே போய் ஒரு துணிப் பொட்டலத்தைக் கொண்டுவந்து பிரித்தார். தம்பி செய்த முதல் கத்தி. இரண்டு துண்டாக இருந்தது.

“நீ கொடுத்த அன்னிக்கே இப்படி ஆயிடுச்சு. உறைஞ்ச வெண்ணெயை இதால லேசா நெம்பினா உங்க அக்கா. கண்ணாடி மாதிரி தெறிச்சுது. உள்ளங்கையில ஆறு தையல்.”

“ரொட்டித் தட்டு சுட்டுடுச்சுன்னு சொன்னியேக்கா!”

“வேற என்னடா சொல்றது? நீ வேலை பார்த்த ஃபேக்டரியை மூடினதுலேர்ந்து ஆறு மாசம் சுவத்தையே வெறிச்சுப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தே. அந்தக் கத்தியைத் தூக்கிக்கிட்டு வந்த அன்னிக்குத்தான் வாய்விட்டுச் சிரிச்சே. உடைஞ்சுபோச்சுன்னு சொன்னா, மறுபடியும் அந்தச் சுவத்துக்கே போயிடுவியோன்னு பயந்தேன். தெரிஞ்சவங்க கிட்ட விசாரிச்சேன். எண்ணெயில முக்கின இரும்பு நொறுங்குற பதத்துல இருக்குமாம்; ரெண்டு நிமிஷச் சூடு பத்தாது, ரெண்டு மணி நேரம் வெக்கணும்னாங்க. அதான்...”

தம்பி அக்காவின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தான். தழும்பு விரல் நீளத்துக்கு இருந்தது. இத்தனை மாதமாக அதைத் தீக்காயம் என்றே நம்பியிருக்கிறான்!

“உன் கையைக் கிழிச்சவனுக்கு உன் அடுப்பையே கொடுத்திருக்கியேக்கா” என்றான், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “நீ இல்லைன்னா நான் இன்னிக்கும் அந்தச் சுவத்து முன்னாடிதான் உக்காந்திருப்பேன். நீ நூறு வருஷம் நல்லா இருக்கணும்க்கா.”

“போடா பைத்தியம். நான் என்ன செஞ்சுட்டேன்? சூடு சும்மாதானே கிடக்குது!”

மாமாவுக்கு இதற்கு மேல் பொறுக்கவில்லை.

“சும்மாவா? சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்! மச்சான், ரொட்டியை எடுத்த கையோட நான் அடுப்பை அணைச்சுடுவேன். உன் கத்திக்காக மறுபடி பத்த வெச்சு, வாராவாரம் ரெண்டு மணி நேரம் வெறும் அடுப்பை எரிய விடறா இவ!”