கையில் நின்ற சத்தம்

டயாலிசிஸ் முடித்து வந்ததும் தணிகாசலத்தின் இடது கையில் காதை வைத்துக் கேட்பது அவர் மனைவி சொர்ணலதாவின் வழக்கம். ஊசி குத்துவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்த அந்த இடத்தில், ரத்தம் ஓடும்வரை வண்டு இரைவது போலக் கேட்டுக்கொண்டே இருக்கும். இன்று கேட்கவில்லை.

முன்பெல்லாம் டயாலிசிஸ் நாளில் பிரஷர் மாத்திரையை அவள் காலையில் கொடுக்கமாட்டாள். மெஷினில் படுத்தால் பிரஷர் தானாகவே இறங்கும், ரொம்ப இறங்கினால் கையில் ரத்தம் உறைந்துபோகும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். இப்போது மாத்திரையே கிடையாது. தோளுக்குக் கீழே, தோலுக்குள் டயாலிசிஸ் சென்டரில் வைத்த ஒரு வில்லை. பிரஷர் ஏறினால் ‘டக்’கென்று அதுவே மருந்தை விடும், நிறுத்த முடியாது. காலையில் லிஃப்ட் ஓடாமல் நான்கு மாடி இறங்கியதில் பிரஷர் ஏறியது. வில்லை தன் கடமையைச் செய்துவிட்டது; மிச்சத்தை டயாலிசிஸ் இறக்கிவிட்டது.

சென்டருக்கு போன் போட்டாள். ஆள் இல்லை, போனுக்குப் பதில் சொல்லும் மெஷின்தான் பேசியது.

“கையில சத்தமே இல்லம்மா!”

“சாருக்கு பிரஷர் நூறுக்கு அறுபது, மேடம். இந்த மாசம் பிரஷர் கன்ட்ரோல்ல எங்க சென்டர்லயே அவர்தான் ஃபர்ஸ்ட். வாழ்த்துகள்!”

“கை செத்துப்போச்சுடி!”

“கைக்கு அடுத்த வியாழக்கிழமை டோக்கன் போட்டிருக்கேன், மேடம்.”

வலது கையில் ஏற்கெனவே இரண்டு முறை தைத்து வீணாகியிருந்தது. தணிகாசலத்தின் முகம் சிவந்தது. “எந்தப் பாவி இந்த வில்லைய...” என்று ஆரம்பித்தவரின் வாயைப் பொத்தினாள்.

“கத்தாதீங்க. பிரஷர் ஏறிடப் போவுது.”

அவர் தோளுக்குக் கீழே ‘டக்’கென்றது.