கோப்பி பாக்கெட்

ஞாயிறு பூசை முடிந்து, ஆம்ப்ரோஸ் பெட்ரோலில் ஓடும் தன் ரிமோட் பொம்மைக் காரோடு குவீன்ஸ்டவுன் கார் பார்க்குக்கு வந்து சேர்ந்தபோது பந்தயம் தொடங்க இருந்தது. எஞ்சினைச் சூடாக்கினால்தான் அது கிளம்பும். ஜெர்மன் ஹீட்டர் கையில் இருந்தது. செருகத்தான் அங்கே பிளக் பாயிண்ட் இல்லை.

பக்கத்தில் அழகப்பன், தன் கார் எஞ்சின்மேல் துணி போட்டு, அதன்மேல் கடையில் பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கிய கோப்பி பாக்கெட்டை வைத்திருந்தான்.

"இது எஞ்சினா, அடுப்பா? உனக்கெல்லாம் எதுக்குடா ரேஸ்?" என்று சிரித்தான் ஆம்ப்ரோஸ்.

அழகப்பன் பாக்கெட்டை எடுத்துவிட்டு, எஞ்சினைக் கிளப்பும் கயிற்றை இழுத்தான். ஒரே இழுப்பில் எஞ்சின் சீறியது.

ஆம்ப்ரோஸ் நைசாகக் கோப்பிக்கடைக்கு நழுவினான். சுடச்சுட ஒரு பாக்கெட் வாங்கி வந்து, எஞ்சின்மேல் வைத்து இறுக்கிக் கட்டினான். பாக்கெட் கிழிந்தது. பால்கோப்பி முழுவதும் எஞ்சினுக்குள் இறங்கியது.

"உன் பிச்சைக்கார ஐடியாவைப் பார்த்துச் செஞ்சேன், என் எஞ்சினே போச்சுடா!"

"என்ன ஐடியா?"

"கோப்பியை வச்சு எஞ்சினைச் சூடாக்குறதுதான்!"

தன் கோப்பியை உறிஞ்சிக்கொண்டிருந்த அழகப்பன் ஸ்ட்ராவை வாயிலிருந்து எடுத்தான்.

"நீ பூசையில இருந்தப்போ நான் இங்கதான் ஓட்டிக்கிட்டு இருந்தேன் லா. எஞ்சின் கொதிக்குது. கோப்பிதான் ஆறிப்போச்சு, அதைத்தான் சூடாக்கினேன்."