மாதம் நான்கு வருகை

"முடியாது சார்" என்றேன்.

குமரகுரு சார் தலையில் எண்ணெய் வைத்துவிட்டார். ஐந்தருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறது என்று யாரோ சொன்னதிலிருந்து மனுசனுக்கு ஆபீஸில் இருப்புக் கொள்ளவில்லை. தோளில் துண்டு வேறு. நான் ஒரு பட்டனை அழுத்தினால் எங்கள் ஊர் ஜமாஅத்தின் புது வெப்சைட் ஓடத் தொடங்கிவிடும், அவரும் குளிக்கப் போய்விடுவார்.

அழுத்த மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தேன்.

அந்த சைட்டில் ஜனங்கள் பார்ப்பது ஒரே ஒரு பக்கம்தான். மௌத் அறிவிப்பு. ஊரில் யார் இறந்தாலும் பள்ளிவாசல் மைக்கில் சொன்ன கையோடு அதிலும் போட்டுவிடுவோம். இன்னார் மகன், இன்னார் மனைவி, அடக்கம் எத்தனை மணிக்கு. துபாயிலும் தம்மாமிலும் இருக்கிற ஆண்கள் அதைப் பார்த்துத்தான் ஊருக்குப் போன் போடுவார்கள். பெயரைத் தட்டித் தேடவும் செய்யலாம்.

புது சைட் லட்சணமாகத்தான் இருக்கிறது. நானே செய்தது. ஆனால் பழைய பிரவுசரில் திறந்தால் வெறும் வெள்ளைப் பக்கம் வருகிறது. அதிலும் திறக்கிற மாதிரி எழுத எனக்கு இன்னும் நான்கு நாள் வேண்டும். சார் தர மாட்டேன் என்கிறார்.

எத்தனை பேர் எதில் பார்க்கிறார்கள் என்று திரையில் காட்டினார். பழைய பிரவுசரில் வருவது மாதத்துக்கு நான்கு தடவை. அதுவும் ஒரே ஆள். தம்மாமில் ஏதோ ஒரு லேபர் கேம்ப் கம்ப்யூட்டர், பத்துப் பன்னிரண்டு வருடப் பழசு. ஒற்றை ஆளுக்காக நான்கு நாளா, கேட்டால் சிரிப்பார்கள் என்றார். அவ்வளவு அக்கறை இருந்தால் அந்த ஆள் ஒரு போன் போட்டு விசாரிக்கட்டுமே என்றும் சொன்னார்.

போட மாட்டார். எனக்குத் தெரியும்.

அவர் என்ன தேடுகிறார் என்பதும் தெரியும். வெள்ளிக்கிழமை, அங்கே ஜும்ஆ தொழுகை முடிந்து, இங்கே மணி மூன்றாகும்போது வருவார். ஒரே வரியைத் தட்டுவார். 'மசூது மனைவி ஹைருன் பீவி.' அப்படி ஒரு அறிவிப்பு இருக்காது. போய்விடுவார். இரண்டு வருடமாக இதே கதை.

தேடியது கிடைக்காவிட்டால் 'முடிவுகள் இல்லை' என்றுதான் எல்லா சைட்டும் சொல்லும். பழைய சைட்டிலும் நான் அப்படி எழுதவில்லை.

சார் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கடைசியாக ஒருமுறை பட்டனைக் காட்டினார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"அந்த ஒரு ஆளுக்குத் தெரியலன்னா எனக்கு இந்த வேலையே வேண்டாம் சார். வேற ஆள வச்சு அழுத்திக்கோங்க."

அவர் என்னைப் பார்த்தார். ஜன்னலில் சாரலைப் பார்த்தார். எண்ணெய் காதோரம் வழிய ஆரம்பித்திருந்தது. வியாழக்கிழமைக்குள் முடித்துத் தொலை என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

மணி மூன்று. பழைய சைட்தான் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

வந்தார். தட்டினார்.

அதே நேரம் என் போன் அடித்தது. எடுத்ததுமே ஹைருன் பீவி ஏசத் தொடங்கினாள்.

"ஏட்டி ஜுஹைனா, வரும்போது இஞ்சி வாங்கிட்டு வா. பாத்து வாங்கு. போன தடவ வாங்கினது பூரா நாரு."

பதினோரு வருடமாகத் தையல் மெஷினை மிதித்து ஒற்றை ஆளாக என்னை வளர்த்த தொண்டை. இன்னும் நாலு தெருவுக்குக் கேட்கும்.

சரி உம்மா என்று சொல்லி வைத்தேன்.

தம்மாமுக்கு நான் எழுதிய பதில் போய்ச் சேர்ந்திருந்தது. 'இந்தப் பெயரில் யாரும் மௌத்தாகவில்லை.'

இந்த வெள்ளிக்கிழமையும் இல்லை, வாப்பா.